யாருக்கு அறை உண்டு? குற்றாலச் சீசனின் தங்கும் விதிகள்

ஆனி பிறந்து மலையில் சாரல் பிடித்துவிட்டால் குற்றாலம், தென்காசி, செங்கோட்டை மூன்றும் ஒரே ஊராகிவிடுகின்றன. சென்னையிலிருந்து பொதிகை ரயிலில் வருபவர்கள், ராஜபாளையம், விருதுநகர், மதுரைப் பக்கமிருந்து வேன் பிடித்து வருபவர்கள், புனலூர், கொல்லத்திலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கி வருபவர்கள் எல்லோரும் தேடுவது இரண்டைத்தான்: அருவியில் தண்ணீர், தங்க ஓர் அறை. தண்ணீர் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. அறைக்குப் போனால் கேள்விகள் வரிசையாக வருகின்றன. எத்தனை பேர்? ஒரே குடும்பமா? கூட லேடீஸ் உண்டா? தனியாகவா வந்தீர்கள்? வயது என்ன? ஆதார் இருக்கிறதா? எத்தனை மணிக்குக் காலி செய்வீர்கள்?

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் நிற்கும் விதிகளில் சில தேவையானவை, சில பழக்கத்தால் ஒட்டிக்கொண்டவை, சில அநியாயமானவை. எல்லாவற்றையும் ‘லாட்ஜ்காரர் கெடுபிடி’ என்று தள்ளுவதும் சரியில்லை. ‘அவர் இடம், அவர் இஷ்டம்’ என்று விட்டுவிடுவதும் சரியில்லை. ஊருக்கு வருகிறவரை எப்படி நடத்துகிறோம் என்பது ஊரின் மானத்தைப் பற்றிய விஷயம். ஆகவே விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட வேண்டியிருக்கிறது.

சத்திரத்தின் கணக்கு

வந்தவரை எத்தனை நாள் தங்கவிடலாம் என்ற கேள்வி லாட்ஜுகளோடு பிறந்ததன்று. தமிழகத்துச் சத்திரங்கள் பலவற்றில் மூன்று நாள் என்பது வழக்கமான வரம்பு. சத்திரம் வழிப்போக்கருக்கானது, ஒருவர் அங்கேயே குடியேறிவிட்டால் அடுத்து வருபவருக்குத் திண்ணை கிடைக்காது. அந்த வரம்பைக் கருணையோடு தளர்த்தவும் நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களின் நடைமுறையை விவரித்திருக்கிறார். வழியில் நோயுற்றவர் குணமாகும்வரை அங்கே வைத்துப் பார்க்கப்பட்டார். பிரசவ வலி கண்ட பெண்ணுக்கும் அங்கே கவனிப்பு இருந்தது. விதி இருந்தது, விதிக்குள் விலக்கும் இருந்தது.

அதே சத்திரங்களுக்கு ஒரு கறையும் உண்டு. சாதிவாரியாக இடமும் பந்தியும் பிரிக்கப்பட்டன. ‘நீங்கள் எந்த ஆட்கள்?’ என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே பலருக்குக் கதவு திறந்தது. பலருக்குத் திறக்கவே இல்லை. அந்தக் கேள்வியை ஒழிக்க அரசியலமைப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதன் 15(2) பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றை மட்டும் காரணம் காட்டிக் கடை, உணவகம், விடுதி ஆகியவற்றில் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. குளிக்கும் துறைகளும் அதில் அடங்கும். குற்றாலம் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சட்ட வரி வேறில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் வயது இல்லை. திருமணமானவரா என்பதும் இல்லை. இன்றைய கேள்விகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நுழைந்திருக்கின்றன.

விடுதிக்காரரின் நியாயம்

முதலில் விடுதி நடத்துபவரின் பக்கத்தைப் பார்ப்போம். குற்றாலத்தின் வருமானம் ஏறத்தாழ மூன்று மாதச் சாரலை நம்பியது. அந்த மூன்று மாதத்தில் விடுதியில் ஒரு விபரீதம் நடந்தால், போலீஸ் விசாரணையும் ஊர்ப்பேச்சும் சேர்ந்து சீசனையே விழுங்கிவிடும். இரவில் சிறிய லாட்ஜில் விழித்திருப்பது மேனேஜரும் ரூம் பாயும்தான். குடித்துவிட்டு மாடியில் சத்தம் போடும் பத்துப் பேரை அவர்களால் அடக்க முடியாது. பக்கத்து அறையில் கைக்குழந்தையோடு இருக்கும் குடும்பம் மறுநாளே காலி செய்துவிட்டுப் போய்விடும். ‘பேமிலி மட்டும்’ என்ற பலகை இத்தகைய அனுபவங்களிலிருந்து வந்தது. பெண்களும் முதியவர்களும் நிம்மதியாகத் தூங்க ஓர் இடம் வேண்டும் என்ற நோக்கத்தில் குறை காண எதுவுமில்லை.

பதினெட்டு வயது நிபந்தனைக்கும் வலுவான அடித்தளம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், உரிய வயது அடையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்கிறது. 1875ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டம் அந்த வயதைப் பதினெட்டு என்று வரையறுத்தது. 1903இல், அன்று மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த பிரிவி கவுன்சில், வயது வராதவர் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. பதினாறு வயதுப் பையன் அறை எடுத்தால் அந்த ஒப்பந்தத்தைக் காட்டி அவனைப் பொறுப்பாக்க முடியாது. அதைவிடப் பெரியது பாதுகாப்பு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்குப் பிறகு, ஒரு சிறுமியை யாரோ அழைத்துவந்து அறை கேட்கும்போது ‘எனக்கென்ன’ என்று சாவியை எடுத்துக் கொடுக்க எந்த விடுதிக்காரருக்கும் உரிமை இல்லை. அங்கே கேள்வி கேட்பது கடமை. கேட்காமல் விடுவதே குற்றத்துக்குத் துணைபோவதாகிவிடும்.

அடையாள அட்டை கேட்பதும் அப்படித்தான். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் அளிக்க வேண்டும் என்பது நெடுங்கால நடைமுறை. யார் தங்கியிருக்கிறார்கள் என்ற பதிவு, வெள்ளமோ தீயோ வந்தால் உயிர் காக்கும் கணக்கு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் வந்து பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். யாரைக் காணோம், எந்த விடுதியில் தங்கியிருந்தார், வீட்டாருக்கு எப்படிச் சொல்வது என்று தேடும் அத்தகைய வேளையில், ஒழுங்காக எழுதப்பட்ட பதிவேடு எவ்வளவு உதவும் என்று விளக்க வேண்டியதில்லை.

எங்கே தவறுகிறது

நோக்கம் நல்லதாக இருந்தும், ‘பேமிலி மட்டும்’ என்ற விதி அளக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றை அளக்கிறது. குடியும் கூச்சலும் நடத்தைக் கோளாறுகள். குடும்பத்தோடு வருபவரும் குடிக்கிறார். தனியாக வருபவர் எட்டு மணிக்கே படுத்துவிடுகிறார். நடத்தையைக் கண்காணிப்பது கடினம் என்பதால், ஆளைப் பார்த்ததும் முடிவுசெய்யும் குறுக்குவழியை விடுதிகள் எடுத்துக்கொண்டன.

இதன் முரண்பாட்டைக் குற்றாலமே காட்டுகிறது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் வேன் வேனாக வந்து அருவியில் நீராடிவிட்டுச் செங்கோட்டை வழியே மலையேறப் போகிறார்கள். அவர்களும் பெரும்பாலும் ஆண்கள் குழுக்கள்தாம். அந்தக் குழுக்களை ஊர் ‘சாமி’ என்று கும்பிட்டு வரவேற்கிறது. ஆடியில் அதே ஆண்கள் வந்தால் ‘பேச்சுலர்’ என்று பெயர். விரதத்தில் இருப்பவர் ஒழுங்காக இருப்பார் என்ற நம்பிக்கைதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அப்படியென்றால் விடுதிக்காரர் உண்மையில் எதிர்பார்ப்பது ஒழுங்கான நடத்தையை. அதையே நேராக நிபந்தனையாக்கலாமே! மது கூடாது, இரவு பத்துக்குமேல் சத்தம் கூடாது, மீறினால் முன்பணம் திரும்பாது, அறை காலி. இந்த விதிக்கு வயதும் வேண்டாம், தாலியும் வேண்டாம்.

அருவிக்கரையில் இந்த முறை ஏற்கெனவே இருக்கிறது. மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் தலையீட்டுக்குப் பிறகு அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை வந்தது. எண்ணெய்க் குளியலுக்கே பெயர்போன ஊரில் அது எளிதான முடிவன்று. ஆனாலும் அந்த விதி யார் குளிக்கிறார் என்று பார்ப்பதில்லை. என்ன செய்கிறார் என்று மட்டுமே பார்க்கிறது. நீர்வரத்து கூடினால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தடை. கலெக்டர் ஆனாலும் கரையில்தான் நிற்க வேண்டும். விதி ஏற்கப்படுவதற்கு அந்தப் பொதுத்தன்மையே காரணம்.

தனியாக வருபவரை மறுப்பது இன்னும் வருத்தமான வழக்கம். அறையில் தற்கொலை நடந்துவிடுமோ என்ற அச்சம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அச்சம் பொய்யன்று, கோயில் நகரங்களிலும் சுற்றுலா ஊர்களிலும் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் அதன் விலையைக் கட்டுபவர் யார்? கணவரை இழந்தபின் முதன்முறையாகத் தனியே பயணம் கிளம்பிய அறுபத்தைந்து வயதுப் பெண். தென்காசியில் தேர்வெழுத முந்தைய நாளே வந்த கல்லூரி மாணவி. மருந்துப் பையோடு தனியாக வந்திறங்கும் பெரியவர். அவர்களை ‘கூட யாராவது இருந்தால் வாருங்கள்’ என்று இரவில் தெருவுக்கு அனுப்புவது ஆபத்தைக் குறைப்பதில்லை. விடுதியிலிருந்து தெருவுக்கு மாற்றிவிடுகிறது. மனம் உடைந்து வந்தவராகவே இருந்தாலும், அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது கனிவாகப் பேசும் ஒரு மனிதர்; மூடிய கதவு அவரை இன்னும் தள்ளிவிடும்.

திருமலை ஒரு பாடம் தருகிறது. அங்கும் தனியாக வருபவருக்கு அறை ஒதுக்குவதில்லை. ஆனால் அவர்களுக்கென்று பெரிய தங்கும் கூடங்களும் பொருள் வைக்க லாக்கர்களும் இலவசமாக இருக்கின்றன. மறுக்கும்போது மாற்று வழியும் தருகிறார்கள். நம் சீசன் ஊர்களில் மறுப்பு மட்டும் இருக்கிறது.

மூன்றாவது குறை கால வரம்பில். ‘நண்பகல் பன்னிரண்டுக்குக் காலி செய்ய வேண்டும்’ என்பது பரவலாக உள்ள முறை; அறையைச் சுத்தம் செய்து அடுத்தவருக்குக் கொடுக்க ஒரு பொது நேரம் வேண்டும்தான். ஆனால் விதி ஊரின் போக்குவரத்தோடு பொருந்த வேண்டும். பொதிகை ரயில் காலையில் செங்கோட்டை வந்து சேர்கிறது. மாலையில் சென்னைக்குப் புறப்படுகிறது. காலையில் இறங்கி, குளித்து, மாலை ரயிலைப் பிடிக்கும் குடும்பத்துக்கு அறை வேண்டியது பத்து மணி நேரத்துக்கும் குறைவு. நண்பகல் கணக்கில் அது இரண்டு நாள் வாடகையாகிவிடும். அறை எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கிடும் லாட்ஜில் ஒரு நாள் வாடகை போதும். தமிழகத்துப் பழைய லாட்ஜுகளில் ஊறிப்போன இந்த 24 மணி நேர முறை இணையவழி முன்பதிவு பரவப் பரவச் சுருங்கிவருகிறது. ரயிலையும் பேருந்தையும் நம்பி வருபவருக்கு அது உண்மையான இழப்பு.

நான்காவது, ஆதார் நகல். அடையாளம் காட்டச் சொல்வது வேறு, ஆதார் மட்டுமே வேண்டும் என்று வற்புறுத்துவது வேறு. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஆதாரை வற்புறுத்த வழிசெய்த, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் பகுதியை நீக்கியது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் அலுவலகம் ஒன்று, நகல்களைக் கண்ட இடத்தில் தராதீர்கள், விடுதிகள் அவற்றை வாங்கி வைக்கக் கூடாது என்று எச்சரித்தது. இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்தக் குழப்பம் சாதாரண மக்களைத் தெளிவில்லாமலே விட்டுவிட்டது. வாக்காளர் அட்டையும் ஓட்டுநர் உரிமமும் அடையாளம்தான். ஆதாரே கொடுத்தாலும் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதுமானது. பெண்களின் முகவரியும் பிறந்த தேதியும் மேசை இழுப்பறையில் கட்டுக்கட்டாகக் கிடப்பது பாதுகாப்பு ஆகாது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவது குற்றம் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே இன்னும் உண்டு. 2019இல் கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டை அதிகாரிகள் பூட்டி முத்திரையிட்டனர். அப்படி ஓர் இணை அங்கே தங்கியிருந்ததும் ஓர் அறையில் மதுப்புட்டிகள் இருந்ததும் காரணமாகக் காட்டப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ், வயதுவந்த இருவர் விருந்தினராக அறை எடுப்பதைத் தடுக்கும் சட்டமோ விதியோ இல்லை என்று கூறி, முத்திரையை அகற்ற உத்தரவிட்டார். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது குற்றமாகாது என்று 2010இல் நடிகை குஷ்பு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பின் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்படித் தங்கவைத்ததற்காக அரசு விடுதியைத் தண்டிக்க முடியாது என்பதே அதன் சாரம். விடுதி தானாகவே மறுத்தால் என்ன என்பது அங்கே எழுந்த கேள்வியன்று. அந்த இடைவெளியில்தான் விடுதி முன்பதிவு நிறுவனமான ஓயோ 2025 சனவரியில், மீரட் நகரில் தொடங்கி, திருமணமாகாத இணைகளை மறுக்கும் உரிமையைத் தன் கூட்டாளி விடுதிகளுக்கு அளித்தது. சட்டம் தண்டிக்காத ஒன்றை வணிகம் மறுக்கிறது.

ஆனால் வணிகத்துக்கும் கட்டற்ற உரிமை இல்லை. ஒரு பெண்ணைப் பெண் என்பதற்காக மட்டும் மறுத்தால் அது 15(2)இல் முட்டுகிறது. திருநங்கையரையும் திருநம்பியரையும் தங்குமிடத்தில் பாகுபடுத்துவதை 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. இணையத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு, வந்து நின்றபின் ‘பேச்சுலருக்கு இல்லை’ என்று கைவிரித்துப் பணத்தையும் திருப்பித் தராத விடுதிமீது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சேவைக் குறைபாடு என்று முறையிட வழியிருக்கிறது.

வெளியே எப்படி?

அமெரிக்காவில் வீட்டையே வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கான முகாம் தளங்கள் ஏராளம். அவற்றில் சில ‘ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும்’ என்று இயங்குகின்றன. குழந்தைகள் உள்ள குடும்பங்களைக் குடியிருப்பில் மறுக்கக் கூடாது என்று 1988இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. முதியோர் குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு தந்தார்கள். அந்த விலக்கைப் பெற, குறைந்தது நூற்றுக்கு எண்பது வீடுகளில் ஐம்பத்தைந்து வயதான ஒருவராவது இருக்க வேண்டும், அந்தக் கொள்கையை வெளிப்படையாக அறிவிக்கவும் வேண்டும் என்று நிபந்தனை உண்டு. அரசின் பொது நிலங்களில் முகாமிடுபவருக்குப் பெரும்பாலும் 14 நாள் வரம்பு; நம் சத்திரத்து மூன்று நாளின் அதே நியாயம். அங்கும் பழைய வண்டி என்பதற்காகவே உள்ளே விடாத தனியார் தளங்கள் இருக்கின்றன. வண்டியின் வயதைக் கொண்டு ஆளின் தரத்தை முடிவுசெய்யும் அதே குறுக்குவழிதான். எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று: வயதைக் கொண்டு விலக்கும் உரிமை வேண்டுமென்றால் அதற்குச் சட்டத்தில் இடமும், எழுதிய அளவுகோலும், முன்னறிவிப்பும் வேண்டும்.

இது நமக்குத் தொலைதூர விஷயமன்று. கணவாய்க்கு அப்பால் கேரள அரசு 2021இல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்தது. வாகமண்ணில் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. இங்கேயோ வேனை நிறுத்தி, மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு, வண்டியிலேயே தூங்கிவிட்டுப் போகும் குடும்பங்கள் எந்தத் திட்டமும் இல்லாமலே பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. அவர்களுக்குக் கழிப்பறையும் விளக்கும் குடிநீரும் உள்ள இடத்தை ஒதுக்கி, இத்தனை இரவு, இவ்வளவு கட்டணம், குப்பைக்கு இந்த இடம் என்று எழுதிவைத்தால், அறை மறுக்கப்பட்டவர்களுக்கும் ஒரு நிழல் கிடைக்கும்.

தீர்ப்பும் வேண்டுகோளும்

எடைபோட்டுப் பார்த்தால் முடிவு தெளிவாகவே இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பெரியவர் துணை வேண்டும் என்பது நிற்க வேண்டிய விதி. சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் வழிதவறி நின்றால் மட்டும், கதவை மூடாமல் வீட்டாரையோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ அழைக்க வேண்டும். அடையாளப் பதிவு நிற்க வேண்டும். ஆதார் வற்புறுத்தல் போக வேண்டும். நாள் வரம்பு, கூட்டம் நெரியும் சீசனுக்கும் அறக்கட்டளை விடுதிக்கும் நியாயம். நோயுற்றவருக்கு விலக்கு வேண்டும். நண்பகல் கணக்கு ரயில் வரும் ஊருக்குப் பொருந்தவில்லை. பகல் மட்டும் தங்குபவருக்குத் தனிக் கட்டணம் வேண்டும். ‘பேமிலி மட்டும்’, ‘சிங்கிள் இல்லை’ என்ற இரண்டும் போக வேண்டியவை. அவற்றின் இடத்தில் நடத்தை விதிகள் வரவேண்டும்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மாவட்ட நிர்வாகம் சாரல் விழாவுக்கு முன் விடுதி உரிமையாளர்களை அழைத்துப் பேசி, ஒரு பக்கத்தில் அடங்கும் பொது விதித்தொகுப்பை உருவாக்குவது கடினமான காரியமன்று. கட்டணம், காலி செய்யும் நேரம், முன்பணம் திரும்பும் முறை, மறுக்கும் காரணங்கள் நான்கும் தமிழிலும் மலையாளத்திலும் வரவேற்பு மேசைக்கு மேலே தொங்க வேண்டும். முன்பதிவுப் பக்கத்திலும் அப்படியே இருக்க வேண்டும். தனியாக வரும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சீசன் முடியும்வரை ஒரு பொதுத் தங்கும் கூடத்தை நகராட்சியோ பேரூராட்சியோ நடத்த வேண்டும். போலீசார் ஒழுங்காகப் பதிவேடு வைத்திருக்கும் விடுதியைத் தொல்லை செய்யாமல் இருந்தால், விடுதிக்காரரின் பாதி அச்சம் தானே விலகும்.

விடுதி நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் அறையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எவ்வளவு கண்டிப்பாக வேண்டுமானாலும் எழுதுங்கள், மீறுபவரை வெளியேற்றுங்கள். வாசலில் நிற்பவர் யாருடைய மகன், யாருடைய மனைவி என்று கேட்டு அறையை மறுக்காதீர்கள்.